உள்ளதை உள்ளவாறு ஒலித்தல்

வீணையின் தந்தியை மீட்டியதும் எழும் ஒலி காற்றிற் கலந்து சில கணங்களில் மறைந்துவிடுகிறது. அவ்வாறு மறையும் ஒலியைப் பிடித்து வைத்து, வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில், மீண்டும் எழுப்புவதே ஒலிப்பதிவுக் கலையின் நோக்கமாகும். இசைத்தட்டும் வானொலியும் இந்நோக்கத்தை ஓரளவு நிறைவேற்றின. ஆயினும், மீண்டும் எழுந்த ஒலி முதலில் எழுந்த ஒலியேதானா என்னும் வினா, கருவிகளை அமைத்தோரின் நெஞ்சை நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய கிராமபோன் பெட்டியிலிருந்து வந்த குரல் இன்னாருடையது என்று அடையாளம் காணக்கூடியதாகவே இருந்தது. ஆனால் அது பெட்டிக்குள் அடைபட்ட ஒருவரின் குரலாகவும் இருந்தது.

இக்குறையைக் களையும் முயற்சியிற் பிறந்தவையே 'ஹை-ஃபை' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒலிக்கருவிகள். அச்சொல்லின் பிற்பகுதி 'ஃபிடெலிட்டி' என்பதன் சுருக்கம். அதன் பொருள் விசுவாசம் என்பதாகும். நல்ல தூதன் ஒருவன் தன்னிடம் சொல்லி அனுப்பப்பட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சென்று சொல்வான். நல்ல ஒலிக்கருவிக்கும் அதுவே இலக்கணம். தன் சொந்தக் குரலை அது கலந்து பேசுதல் ஆகாது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விலக்கணத்தை எய்துவது எவ்வளவு அரிது என்பதை, அக்கருவிகளை அமைத்தவர்களின் நினைவுகளே நன்கு உணர்த்துகின்றன. அவற்றுட் சிறந்தது அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் பிளாக் என்பவர் 1977ஆம் ஆண்டில் ஒரு மின்பொறியியற் சஞ்சிகையில் எழுதிய நினைவுக் கட்டுரை. அவர் வீட்டு இசைக்கருவி எதனையும் அமைத்தவரல்லர். தொலைபேசித் துறையைச் சேர்ந்தவர். ஆயினும், பிற்காலத்தில் இசைப்பிரியர்களின் வீடுகளில் இடம்பெற்ற சிறந்த கருவிகள் பெரும்பாலும் அவர் கண்ட ஓர் உண்மையின் மீதே அமைந்தன.

அவ்வுண்மையை விளங்கிக்கொள்வதற்கு, மின்பெருக்கி என்பது செய்யும் வேலையை முதலில் அறிதல் வேண்டும். இசைத்தட்டின் மீது ஊரும் ஊசியிலிருந்து எழும் மின்னோட்டம் மிகவும் நுண்ணியது. ஒலிபெருக்கியை அசைக்க அது போதாது. ஆகவே அதன் வடிவத்தை மாற்றாமல் வலுவை மட்டும் பன்மடங்காக்க வேண்டியிருக்கிறது. அந்நாளில் இவ்வேலையைச் செய்தது வால்வு. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள், சூடேறிய ஒரு முனையிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு மறுமுனையை நோக்கிப் பாய்கின்றன. இடையிலே வலைபோன்ற ஒரு கம்பி இருக்கிறது. அவ்வலையில் ஏற்படும் சிறிய மின்மாற்றம், பாய்ந்து செல்லும் பெரிய ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது. சிறு மதகு ஒன்று பெரிய வாய்க்காலை ஆள்வது போன்றதே இது.

ஆனால் இம்மதகு ஒரே சீராகத் திறந்து மூடுவதில்லை. இருமடங்கு திறந்தால் இருமடங்கு நீர் வரவேண்டும். வருவதோ சற்றுக் கூடியோ குறைந்தோ அமைகிறது. அதனால் உள்ளே சென்ற ஒலியலையின் வடிவம் வெளிவரும்போது சிறிது கோணிவிடுகிறது. இதனையே திரிபு என்பர். திரிபு ஏற்பட்டால், பாடகர் பாடாத சுரங்களும் மெல்லியதாகச் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். ஒரு குரல் மாத்திரம் ஒலிக்கும்போது செவி இதனைப் பொறுத்துக்கொள்ளும். பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்கும்போது ஒன்றின் ஒலி மற்றொன்றைக் கலக்கி, இசை முழுவதும் கலங்கிய நீராகிவிடும்.

தொலைபேசிக் கம்பிகளில் இத்துன்பம் இன்னும் பெரிது. 1915ஆம் ஆண்டிலேயே நியூ யோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை தொலைபேசியிற் பேச முடிந்தது. நெடுந்தூரம் செல்லும் பேச்சு வழியிலே நலிந்து போவதால், இடையிடையே மின்பெருக்கிகளை வைத்து அதனை ஊக்க வேண்டியிருந்தது. ஒரு மின்பெருக்கி செய்த பிழையை அடுத்தது பெருக்கி, தன் பிழையையும் அதனுடன் சேர்த்து அனுப்பியது. ஒரே கம்பியிற் பல பேச்சுகளை அனுப்ப முயன்றபோது, இப்பிழைகளால் ஒருவர் பேச்சுடன் மற்றவர் பேச்சு கலந்தது. பல நூறு மின்பெருக்கிகள் வரிசையாக நின்றாலும் பிழை தெரியாதிருக்க வேண்டுமெனில், ஒவ்வொன்றின் திரிபும் அதுவரை எவரும் கனவு காணாத அளவுக்குக் குறைய வேண்டும். 1921ஆம் ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் பிளாக் தாமாகவே ஏற்றுக்கொண்ட சவால் இதுவாகும்.

முதலில் அவரும் மற்றவர்கள் சென்ற வழியிலேயே சென்றார். வால்வைத் திருத்தினால் திரிபு நீங்கும் என எண்ணினார். அவ்வழி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 1923ஆம் ஆண்டில், புகழ்பெற்ற மின்னியல் அறிஞர் ஸ்ரைன்மெற்ஸ் ஆற்றிய உரையொன்றைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. எந்தச் சிக்கலையும் அடிப்படைக்கு இறக்கிச் சிந்திக்கும் அப்பெரியாரின் முறை அவரை ஆட்கொண்டது. வீடு திரும்பியவர், பின்னிரவு இரண்டு மணியளவிலே தம் வினாவையே மாற்றி அமைத்தார். குறையற்ற வால்வை ஆக்குவது எப்படி என்பதை விட்டுவிட்டார். வால்வு குறையுடையதாகவே இருக்கட்டும். அதிலிருந்து வெளிவருவதில் வேண்டியதும் உண்டு, வேண்டாததும் உண்டு. வேண்டாததை மட்டும் பிரித்து அகற்றுவது எப்படி என்று கேட்டார்.

வினா மாறியதும் விடை மறுநாளே கிடைத்தது. வெளிவந்ததைத் தக்க அளவுக்குச் சுருக்கி, உள்ளே சென்றதை அதிலிருந்து கழித்தால், எஞ்சுவது பிழை மட்டுமே. அப்பிழையைத் தனியாகப் பெருக்கி, வெளிவரும் ஒலியிலிருந்து கழித்துவிட்டால் ஒலி தூயதாகிவிடும். செய்துபார்த்தார்; பலித்தது. ஆனால் இம்முறைக்கு இரு மின்பெருக்கிகள் தராசுத் தட்டுகள் போல ஒத்து நிற்க வேண்டியிருந்தது. வால்வுகளோ நேரத்துக்கு நேரம் குணம் மாறுபவை. மணிக்கு ஒருமுறை ஒருவர் வந்து மின்னோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆறு மணிக்கு ஒருமுறை மின்கலவடுக்கின் வோல்ற்றளவைச் சரிசெய்ய வேண்டும். அதுவும் இரவு பகலாகச் செய்ய வேண்டும். ஆய்வுகூடத்தில் வென்ற முறை, ஆளில்லா வழிகளில் நிறுவப்படும் தொலைபேசி நிலையங்களுக்கு உதவவில்லை.

மேலும் நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1927 ஓகஸ்ட் 2ஆம் திகதி காலை, வழக்கம்போல் ஹட்சன் ஆற்றைப் படகிற் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார் பிளாக். அப்பொழுது திடீரென ஓர் எண்ணம் உதித்தது. வெளிவரும் ஒலியில் ஒரு சிறு பகுதியை எடுத்து, எதிர்த்திசையில் மீண்டும் உள்வாயிலுக்கே அனுப்பினால் என்ன? கையிலிருந்த 'நியூ யோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் பக்கமொன்றில் படத்தையும் கணக்கையும் எழுதிக் கையொப்பமிட்டார். அலுவலகத்தை அடைந்ததும் உடன் வேலைசெய்த ஒருவரிடம் விளக்கி, சாட்சியாக அவருடைய கையொப்பத்தையும் பெற்றார். எதிர்ப்பின்னூட்டல் என்று வழங்கும் முறை இவ்வாறு ஆற்றின் நடுவே பிறந்தது.

இம்முறையை விளக்குவதற்கு நம் கச்சேரி மேடையே போதும். பாடகர் ஒருவர் தம்புராவின் சுருதியைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார். தாம் எழுப்பும் குரலையும் கேட்கிறார். குரல் சுருதியிலிருந்து சற்று மேலே சென்றால் தாழ்த்துகிறார். கீழே இறங்கினால் உயர்த்துகிறார். தொண்டை குறையற்றது என்பதால் அன்று, செவி இடைவிடாது ஒப்பிட்டுத் திருத்துவதாலேயே அவருடைய பாட்டுச் சுருதி சேர்ந்து நிற்கிறது. பிளாக் செய்ததும் இதுவே. மின்பெருக்கிக்கு அவர் ஒரு செவியைக் கொடுத்தார். வெளிவருவதைச் சுருக்கி உள்வருவதுடன் ஒப்பிடும்போது, வித்தியாசம் எதுவாயினும் அதற்கு எதிரான திருத்தம் உடனுக்குடன் தானாகவே நிகழ்கிறது. மணிக்கொரு முறை சரிபார்க்க ஆள் தேவையில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு சிறு கணக்கினால் அதனைக் காணலாம். ஒரு மின்பெருக்கி உள்வரும் ஒலியை 100,000 மடங்காக்குகிறது எனக் கொள்வோம். வெளிவருவதில் நூறில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி அனுப்பினால், அதன் பெருக்கம் 99.9 மடங்காகக் குறைந்துவிடும். இலட்சத்தைக் கொடுத்து நூறைப் பெறுவது மூடத்தனமாகத் தோன்றும். இனி, வால்வு முதுமையடைந்து அதன் ஆற்றல் பாதியாகி, பெருக்கம் 50,000 ஆகிவிட்டது எனக் கொள்வோம். அப்பொழுது கிடைப்பது 99.8 மடங்கு. வால்வின் வலுவிற் பாதி போயிற்று. வெளியே கேட்பவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடே உண்டாயிற்று. அவ்வாறே மின்பெருக்கியின் திரிபும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வலுவைத் துறந்து மெய்ம்மையைப் பெறுவதே இக்கணக்கின் சாரம்.

1927 டிசம்பர் 29ஆம் திகதி நடந்த சோதனையில், ஒரே மின்பெருக்கியில் திரிபு இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்ததைப் பிளாக் கண்டார். கண்டதை உலகம் ஏற்கவில்லை. அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தைத் தானே வீசி எறிவதைப் பொறியியலாளர் பலரும் விபரீதமாகவே கருதினர். பிரித்தானியக் காப்புரிமை அலுவலகம் தமது விண்ணப்பத்தை, என்றும் நில்லாது தானே இயங்கும் பொறியைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவரின் விண்ணப்பத்தைப் போலவே நடத்தியது என்று அவர் நினைவு கூர்ந்துள்ளார். 1928இல் அமெரிக்காவில் விண்ணப்பித்த உரிமை 1937 டிசம்பரிலேயே அவருக்குக் கிடைத்தது. இடையிலே ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

ஐயங்கொண்டவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் காதைப் பிளக்கும் கூச்சல் எழுவதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். வெளிவந்த ஒலி உள்ளே புகுந்து, மீண்டும் பெருகி வெளிவந்து, தன்னைத்தானே வளர்த்துக்கொள்வதன் விளைவு அது. எதிராக அனுப்பும் ஒலி இவ்வாறு செய்யாதா? செய்யவும் கூடும். ஊஞ்சலை எதிர்த்துத் தள்ளி நிறுத்த எண்ணுபவன் அரைச் சுற்றுத் தாமதித்துத் தள்ளினால், ஊஞ்சல் நிற்பதற்குப் பதிலாக வேகமடையும். மின்பெருக்கியைச் சுற்றிவரும் திருத்தமும், வலுக் குன்றாது அவ்வாறு தாமதித்து வந்தால், திருத்தமே பிழையாகிவிடும். எந்த நிபந்தனையில் இது நிகழும், எப்போது நிகழாது என்பதை 1932ஆம் ஆண்டில் ஹரி நைகுவிஸ்ற் என்பவர் கணித முறையில் வரையறுத்தார். அதன் பின்னரே எதிர்ப்பின்னூட்டல் துணிந்து பயன்படுத்தக்கூடிய முறையாயிற்று.

தொலைபேசிக்காகப் பிறந்த இம்முறை, இரண்டாம் உலகப்போரின் பின்னர் இல்லங்களை நாடி வந்தது. இங்கிலாந்தில் ஹரல்ட் லீக் என்பவர் 1945இல் வெளியிட்ட மின்பெருக்கிக்கு 'பொயின்ற் வன்' என்றே பெயரிட்டார். அதன் திரிபு நூற்றுக்குப் புள்ளி ஒன்று, அஃதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதே அப்பெயரின் பொருள். அளவை ஒன்றே விருதுப்பெயராகிய காலம் அது.

இரண்டாண்டுகளின் பின், 1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகைகளில் டி. ரி. என். வில்லியம்சன் என்னும் இளம் பொறியியலாளர் எழுதிய கட்டுரைகள் வெளிவந்தன. 15 வாற்று வலுவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த திரிபுடன் இயங்கும் மின்பெருக்கியின் அமைப்பை அவர் அவற்றில் முழுமையாக விளக்கினார். ஒரு வால்வுக்கு மட்டுமன்றி, மின்பெருக்கியின் தொடக்கம் முதல் இறுதி வரை அனைத்தையும் ஒரே பின்னூட்டலுக்குள் அவர் அடக்கினார்.

அங்கேதான் பெருந்தடை நின்றது. வால்வு உயர்ந்த வோல்ற்றளவில் சிறிய மின்னோட்டத்தைத் தருவது; ஒலிபெருக்கியோ தாழ்ந்த வோல்ற்றளவில் பெரிய மின்னோட்டத்தை வேண்டுவது. இவ்விரண்டையும் இணைப்பது, இரும்பின் மீது செப்புக் கம்பி சுற்றிய மின்மாற்றி. மிகத் தாழ்ந்த சுரங்களில் இரும்பு சோர்கிறது. மிக உயர்ந்த சுரங்களில், கம்பிச் சுற்றுகளுக்கு இடையே காந்தப்புலம் கசிவதால் தாமதம் உண்டாகிறது. முன்னர் கூறிய ஊஞ்சலின் அபாயம் இத்தாமதத்தினாலேயே வருகிறது. மனிதர் செவிக்கு எட்டுவது செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளே. ஆயினும் பின்னூட்டல் நிலைகுலையாதிருக்க, அவ்வெல்லைக்கு அப்பாலும் நெடுந்தூரம் மின்மாற்றி ஒழுங்காக நடத்தல் வேண்டும். எவரும் கேளாத ஒலிகளில் ஒழுங்கு இல்லையேல், கேட்கும் ஒலிகளிலும் தூய்மை இல்லை. வில்லியம்சன் கம்பிச் சுற்றுகளைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிடையே ஒன்றாக அடுக்கி இத்தடையைக் கடந்தார். அவ்விவரங்களையும் அவர் மறைக்காது வெளியிட்டமையால், பல நாடுகளில் ஆர்வலர்கள் தம் கையாலேயே அம்மின்பெருக்கியைக் கட்டி மகிழ்ந்தனர்.

மின்பெருக்கி தூய்மையானதும் ஒலிபெருக்கியின் குற்றம் வெளிப்பட்டது. கலங்கிய நீரில் தெரியாத கல், நீர் தெளிந்ததும் தெரிவது போன்றதே இது. பின்னூட்டல் மின்பெருக்கியின் வாயில் வரையிலேயே காவல் செய்யும்; அதற்கு அப்பால் காற்றை அசைக்கும் கடதாசிக் கூம்பின் பிழைகளைத் திருத்த அதற்கு வழியில்லை. நடுவிலே மட்டும் உந்தப்படும் கூம்பு, விளிம்பிலே நெளிந்தும் அதிர்ந்தும் தன் குரலைச் சேர்த்துவிடுகிறது.

ஹன்ரிங்டன் நகரில் குவாட் என்னும் பெயருடன் ஒலிக்கருவிகளை ஆக்கிய பீற்றர் வோக்கர், கூம்பையே நீக்கிவிட முயன்றார். தலைமயிரிலும் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒன்றை, துளையிட்ட இரு தகடுகளுக்கு இடையே இழுத்துக் கட்டி, ஆயிரக்கணக்கான வோல்ற்று மின்னேற்றத்தை அதற்கு அளித்தார். தகடுகளில் இசைக்கேற்ப மின்னழுத்தம் மாறும்போது, படலம் தன் பரப்பு முழுவதிலும் ஒரே சமயத்தில் உந்தப்படுகிறது. நெளிவதற்கு இடமில்லை. காற்றைப் போலவே இலேசானதாகையால், இசை நின்றவுடன் அதுவும் நின்றுவிடுகிறது. இம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றவர் மேலே கூறிய வில்லியம்சனே. 1957இல் விற்பனைக்கு வந்த இவ்வொலிபெருக்கி கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தயாரிக்கப்பட்டது. மிகுந்த முழக்கத்தை அதனால் எழுப்ப இயலாது. ஆழ்ந்த முரசொலியும் அதற்கு எளிதன்று. ஆனால் மனிதக் குரலை அது ஒலித்த தெளிவு, பல்லாண்டுகளாக மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக நின்றது.

கருவியின் மெய்ம்மைக்குச் சான்று தருபவர் யார்? அளவுமானிகள் ஒரு பகுதியையே கூறும். தீர்ப்பு அளிப்பது செவியே. 1954 நவம்பர் 1ஆம் திகதி, வார்ஃப்டேல் ஒலிபெருக்கிகளை ஆக்கிய கில்பேட் பிரிக்ஸ், லண்டன் றோயல் ஃபெஸ்ரிவல் மண்டபத்தில் துணிவான ஒரு சோதனையை நடத்தினார். வோக்கரின் மின்பெருக்கிகளும் அங்கு பணியாற்றின. நேரில் வாசிக்கப்பட்ட இசையையும் கருவி ஒலித்த இசையையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பைப் பொதுமக்கள் பெற்றனர். நுழைவுச்சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. செய்தவர்களே தம் வேலையை மூலத்தின் பக்கத்தில் நிறுத்தி, குறை காண்பதற்கு மக்களை அழைத்தமை இந்நிகழ்ச்சியின் பெருமை எனலாம்.

காலம் மாறியது. வால்வின் இடத்தைத் திரான்சிஸ்ரர் பிடித்தது. பிழையைப் பிரித்தெடுத்து வெளியிலே கழிக்கும் முறை, 1923இல் பிளாக் கண்டு, பராமரிக்க இயலாமையாற் கைவிட்ட அம்முறை, 1975ஆம் ஆண்டில் வோக்கரின் நிறுவனம் வெளியிட்ட 'குவாட் 405' என்னும் மின்பெருக்கியிற் புதிய வடிவில் மீண்டும் வந்தது. தூய்மையான சிறிய மின்பெருக்கி ஒன்று, கரடுமுரடான பெரிய மின்பெருக்கியின் பிழையை நிரப்பிச் செல்லுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. மணிக்கொரு முறை ஆள் தேவைப்பட்ட இடத்தில், அதற்குத் திருகிச் சரிசெய்யும் உறுப்பே தேவைப்படவில்லை. காலத்துக்கு முந்திய எண்ணம் அழிவதில்லை. தனக்கு ஏற்ற கருவிப்பொருள் வரும்வரை அது காத்திருக்கிறது.

இன்று கையடக்கத் தொலைபேசியிற் பாட்டுக் கேட்பவர் வால்வையும் அறியார், ஹட்சன் ஆற்றுப் படகையும் அறியார். ஆயினும் அவர் செவியை அடையும் இசை, எங்கோ ஓரிடத்தில் எதிர்ப்பின்னூட்டலைக் கடந்தே வருகிறது. ஒலிக்கருவிகளில் மட்டுமன்றி, அளவுமானிகளிலும் ஆலைகளைக் கட்டுப்படுத்தும் பொறிகளிலும் அதே முறை வேலை செய்கிறது.

இவ்வரலாற்றில் வரும் பொறியியலாளர்கள் குறையற்ற பொருளொன்றைத் தேடி அலைந்தவர்களல்லர். கையிலுள்ள பொருள் குறையுடையது என்பதை ஒப்புக்கொண்டு, தன் குறையைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வழியை அதற்குக் கற்பித்தவர்கள். அதற்காகக் கையிலிருந்த வலுவிற் பெரும்பகுதியைத் துறக்கவும் தயங்காதவர்கள். அவர்கள் வெற்றிபெற்ற இடங்களில் அவர்களுடைய வேலை எவர் செவிக்கும் தெரிவதில்லை. பாடகரின் குரலே கேட்கிறது.